கோரிக்கை பிடிக்கிறது, கோரிக்கை வைப்பவரைப் பிடிக்கவில்லை – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு வாசகர், "போராட்டங்களால் உண்மையிலேயே ஏதாவது மாறியிருக்கிறதா?" என்று கேட்டிருந்தார். இடம் போதாமல், "மாறியிருக்கிறது, மாறிய பிறகு, அது தானாகவே மாறியது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம்" என ஒரே வரியில் பதில் சொல்லி நகர்ந்துவிட்டேன். அந்த வரி பலரைச் சீண்டியிருக்கிறது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், நான் சாமர்த்தியமாக நழுவிவிட்டதாகக் குற்றம் சாட்டுகின்றன. குற்றச்சாட்டில் நியாயம் இருப்பதால் இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அந்தப் பொருளுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: கோரிக்கை நியாயமானதாகவே இருக்கிறது. ஆனால் 'சமூக ஆர்வலர்' என்ற அடைமொழியோடு ஒருவர் தொலைக்காட்சியில் தோன்றியவுடன் சேனலை மாற்றத் தோன்றுகிறது. இது என் குறையா, அவர்களுடைய குறையா? (ஓய்வுபெற்ற அரசு அலுவலர் ஒருவர்)

பதில்: உங்களுக்கு மட்டும் தோன்றுவதல்ல இது. கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழக உளவியல் ஆய்வாளர்கள் 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வில், பெண்ணியச் செயற்பாட்டாளர்களையும் சூழலியல் செயற்பாட்டாளர்களையும் பற்றி மக்கள் மனத்தில் என்ன சித்திரம் இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தார்கள். முரட்டுத்தனமானவர்கள், விசித்திரமானவர்கள் என்பதே பலருடைய பதிலாக இருந்தது. அடுத்து ஒரு கட்டுரையைப் படிக்கக் கொடுத்தார்கள். கட்டுரை ஒன்றுதான், எழுதியவரைப் பற்றிய அறிமுகம் மட்டும் வேறு வேறு. எழுதியவர் ஊர்வலம் நடத்தும் வழக்கமான செயற்பாட்டாளர் என்று அறிந்தவர்கள், அதில் சொல்லப்பட்ட நல்ல பழக்கங்களைக் கடைப்பிடிக்கக் குறைந்த ஆர்வமே காட்டினார்கள். செய்தியில் எந்தப் பழுதும் இல்லை. தூதரைப் பிடிக்காததால் செய்தி திருப்பி அனுப்பப்பட்டது.

நம் மொழியிலும் இந்தத் தடுமாற்றம் பதிவாகியிருக்கிறது. 'ஆர்வலர்' என்றால் நாணயம் சேகரிப்பவர், பறவை பார்ப்பவர் ஆகியோரின் வரிசையில், ஓய்வு நேரத்தில் சமூகத்தைச் சீர்திருத்துகிறவர் என்ற ஒலி வருகிறது. 'போராளி' என்ற சொல்லில் துப்பாக்கி மருந்தின் வாசனை அடிக்கிறது. 'போராட்டக்காரர்' என்பது காவல்துறையின் செய்திக் குறிப்புக்குரிய சொல். 'செயற்பாட்டாளர்' என்பதோ கருத்தரங்க அழைப்பிதழைத் தாண்டி வெளியே வரமாட்டேன் என்கிறது. ஒரே மனிதரை யார், எந்த நோக்கத்தில் குறிப்பிடுகிறார் என்பதை அவர் இந்த நான்கில் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். பிரிட்டனில் வாக்குரிமை கேட்ட பெண்களைக் கேலி செய்வதற்காக 1906-இல் டெய்லி மெயில் நாளிதழ், 'சஃப்ரேஜிஸ்ட்' என்ற சொல்லின் வாலை வெட்டி, சின்னஞ்சிறு பொருள்களுக்குச் சேர்க்கும் விகுதியை ஒட்டி, 'சஃப்ரஜெட்' என்று ஒரு பட்டப்பெயரைச் சூட்டியது. அந்தப் பெண்கள் கோபித்துக்கொள்ளவில்லை. 1912-இல் தங்கள் பத்திரிகைக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள்.

குறை யாருடையது என்று கேட்டீர்கள். தாங்கள் மட்டுமே விழித்திருப்பதாகவும் கேட்பவரெல்லாம் உறங்குவதாகவும் எண்ணிக்கொண்டு பேசும் செயற்பாட்டாளர்கள் இருக்கிறார்கள். அவர்களைச் சகிப்பது எனக்கும் கடினம். ஆனால் அடுத்த முறை சேனலை மாற்றும் முன், எரிச்சல் அவருடைய தொனியால் வருகிறதா, அல்லது அவர் சொல்வதை ஒப்புக்கொண்டால் நாமும் ஏதாவது செய்ய வேண்டியிருக்குமே என்ற தயக்கத்தால் வருகிறதா என்று பாருங்கள். என்னளவில் பாதிக்குப் பாதி இரண்டாவதுதான்.

கேள்வி: பெரும்பான்மை மக்கள் வெறுக்கும் போராட்டம் எப்படி வெல்ல முடியும்? மக்களாட்சியில் மக்கள் ஆதரவுதானே எல்லாம்? (அரசியல் அறிவியல் மாணவி)

பதில்: அமெரிக்காவில் கேலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்புகளைப் பாருங்கள். மாநிலங்களுக்கு இடையே ஓடும் பேருந்துகளில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து அமர்ந்து தென்மாநிலங்களுக்குச் சென்ற 'சுதந்திரப் பயணிகள்' செய்வது சரியா என்று 1961-இல் கேட்டபோது, சரியில்லை என்றவர்கள் 61 விழுக்காடு, சரி என்றவர்கள் 22 விழுக்காடு. உணவகங்களில் அமர்ந்து நடத்தும் மறியலும் இத்தகைய பயணங்களும் கறுப்பின மக்களின் இலட்சியத்துக்கே கேடு என்று 57 விழுக்காட்டினர் கருதினர். 1963 ஆகஸ்டில், கறுப்பின மக்களின் உரிமைக்கான வாஷிங்டன் பேரணிக்குச் சில நாள்களே இருந்த நிலையில், அதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களில் 60 விழுக்காட்டினருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் 1964-இல் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் குடிமை உரிமைகள் சட்டமும் 1965-இல் வாக்குரிமைச் சட்டமும் நிறைவேறின. அதற்குப் பிறகும் மார்ட்டின் லூதர் கிங் மக்களின் அன்புக்கு உரியவராகிவிடவில்லை. 1966-இல் அவரைப் பற்றிச் சாதகமற்ற கருத்துக் கொண்டிருந்தவர்கள் 63 விழுக்காட்டினர். 2011-இல் அதே கேள்விக்கு 94 விழுக்காட்டினர் அவரைப் பற்றி நல்லெண்ணம் தெரிவித்தார்கள். இடையில் அவர் செய்தவை எவையும் மாறிவிடவில்லை.

இதில் நான் முக்கியமாகக் கருதும் செய்தி வேறொன்று. 1961-ஆம் ஆண்டிலேயே, பேருந்துகளிலும் இரயில்களிலும் காத்திருப்பு அறைகளிலும் இனப் பாகுபாடு கூடாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பை ஏற்கிறீர்களா என்று கேட்டபோது, ஏறத்தாழ மூன்றில் இருவர் ஏற்கிறோம் என்றே சொன்னார்கள். அதாவது, பேருந்தில் சேர்ந்து அமரலாம் என்பதை ஏற்றவர்களிலேயே பெரும் பகுதியினர், பேருந்தில் சேர்ந்து அமர்ந்தவர்களை ஏற்கவில்லை. கோரிக்கையைப் பற்றிய கருத்தும், கோரிக்கையைத் தூக்கிக்கொண்டு வருபவரைப் பற்றிய கருத்தும் மக்கள் மனத்தில் இரண்டு தனித்தனிக் கணக்குகள். போராட்டத்தின் வேலை இரண்டாவது கணக்கில் வரவு வைப்பதல்ல. முதல் கணக்கைத் தள்ளிப்போட முடியாதபடி மேசைமீது வைப்பது. தீர்ப்பு ஏட்டில் இருந்தது, மக்கள் அதை ஒப்புக்கொள்ளவும் செய்தார்கள், ஆனாலும் பேருந்து நிலையத்தில் எதுவும் மாறாமலே இருந்தது. அந்த வசதியான நிலையைத்தான் பயணிகள் கலைத்தார்கள்.

கேள்வி: ஒரு பெண் இருக்கையை விட்டு எழ மறுத்தார், ஒரு நாடு மாறியது என்று படித்திருக்கிறோம். அப்படியானால் தனி மனிதரின் துணிவு போதும்தானே? அமைப்பு, சங்கம், கூட்டம் எல்லாம் எதற்கு? (பள்ளி ஆசிரியர்)

பதில்: நீங்கள் ஆசிரியர் என்பதால் இதை விரிவாகவே சொல்லிவிடுகிறேன், வகுப்பில் பயன்படட்டும்.

1955 டிசம்பர் 1 அன்று அலபாமா மாநிலத்தின் மான்ட்கமரி நகரில், பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்ததற்காக ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் கைதானார். களைத்துப் போன ஒரு தையற்காரப் பெண்மணி, கால் வலியால் எழ மறுத்தார் என்பது கதையாகச் சொல்லப்படும் வடிவம். தையல் வேலை பார்த்தார் என்பது உண்மை. ஆனால் அவர் 1943 முதலே கறுப்பின மக்களின் உரிமைக்கான தேசிய அமைப்பின் உள்ளூர்க் கிளையில் செயலாளராக இருந்தவர். கைதாவதற்கு முந்தைய கோடையில் டென்னசியில் சமூக இயக்கத்தினருக்குப் பயிற்சி அளித்த ஹைலேண்டர் பள்ளியில் பயிற்சிப் பட்டறைக்குச் சென்று வந்தவர். அதே ஆண்டு மார்ச் மாதத்தில், அதே நகரில், கிளாடெட் கால்வின் என்ற 15 வயது மாணவியும் எழ மறுத்துக் கைதானார். துணிவில் அவர் எந்த விதத்திலும் குறைந்தவர் அல்லர். ஆனால் அன்று நகரம் அசையவில்லை.

டிசம்பரில் ஏன் அசைந்தது என்பதற்கு, கைதான இரவு ஒரு கல்லூரியில் நடந்ததைப் பார்க்க வேண்டும். ஆங்கிலப் பேராசிரியை ஜோ ஆன் ராபின்சன், கறுப்பினப் பெண்களின் அரசியல் மன்றம் ஒன்றின் தலைவி. பேருந்துகளைப் புறக்கணிக்க நேரிடும் என்று 1954 மே மாதத்திலேயே நகரத் தலைவருக்குக் கடிதம் எழுதி எச்சரித்திருந்தார். கைதுச் செய்தி வந்த இரவு, ஒரு சக ஆசிரியரையும் இரண்டு மாணவர்களையும் அழைத்துக்கொண்டு கல்லூரியின் பிரதியெடுக்கும் இயந்திரத்தின் முன் நின்றார். ஒரு தாளில் மூன்று துண்டறிக்கைகள் வருமாறு அச்சிட்டு, வெட்டி, கட்டிவைத்து, பொழுது விடிந்ததும் பல்லாயிரக்கணக்கில் நகரெங்கும் அனுப்பினார்கள். எந்தத் தெருவில் யாரிடம் கட்டைக் கொடுக்க வேண்டும் என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. மறுநாள் முழுவதும் உட்கார்ந்து யோசித்திருந்தால் அந்த வாய்ப்பு ஆறிப் போயிருக்கும்.

பிறகு நடந்தது 381 நாள் புறக்கணிப்பு. தொடக்கத்தில் வைத்த கோரிக்கைகளைக் கேட்டால் உங்கள் மாணவர்கள் வியப்பார்கள்: ஓட்டுநர்கள் மரியாதையாக நடத்த வேண்டும், முதலில் வருபவருக்கு முதலில் இடம் என்ற முறையில் கறுப்பர் பின்னாலிருந்தும் வெள்ளையர் முன்னாலிருந்தும் அமரலாம், கறுப்பர் அதிகம் வாழும் தடங்களில் கறுப்பின ஓட்டுநர்கள் வேண்டும். பாகுபாட்டை அடியோடு நீக்கு என்றுகூட அவர்கள் முதலில் கேட்கவில்லை. அற்பமான கோரிக்கைகளையும் நகராட்சி மறுத்ததால்தான் கேள்வி பெரிதாயிற்று. சுமார் 300 தனியார் கார்கள், ஏறும் இடம், இறங்கும் இடம், நேரம் என்று கணக்கு வைத்து ஆட்களை ஏற்றி இறக்கின. ஆயிரக்கணக்கானோர் நடந்தே வேலைக்குப் போனார்கள். புறக்கணிப்புக்குத் தலைமை தாங்கிய கிங்கின் வீட்டில் குண்டு வெடித்தது. 1956 பிப்ரவரியில் 89 பேர்மீது வழக்குப் பதிவாயிற்று.

இறுதியில் பேருந்துப் பாகுபாட்டை முறித்தது உச்ச நீதிமன்றம் 1956 நவம்பரில் உறுதிசெய்த தீர்ப்பு. அந்த வழக்கில் மனுதாரர்களாக இருந்தவர்களுள் ஒருவர், ஊர் மறந்துவிட்ட கிளாடெட் கால்வின். ரோசா பார்க்ஸ் அதில் மனுதாரரே அல்லர். வேலை பறிபோன அவர் 1957-இல் டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்தார்.

ஆகவே துணிவு தேவைதான். ஆனால் கால்வினிடமும் இருந்த அந்தத் துணிவு டிசம்பரில் வேலை செய்ததற்குக் காரணம், இரவோடிரவாகத் தாள் வெட்டத் தயாராக இருந்த நான்கு பேரும், அவர்களுக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்த முகவரிகளும். செயற்பாடு என்பதன் முக்கால் பங்கு இப்படிப்பட்ட, புகைப்படத்தில் வராத எழுத்தர் வேலை.

கேள்வி: சாலையை மறிப்பதும் அருங்காட்சியக ஓவியத்தின்மீது எதையாவது ஊற்றுவதும் மக்களை எதிரியாக்காதா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: 2022 அக்டோபரில் இலண்டன் தேசியக் காட்சியகத்தில் பெட்ரோலிய எண்ணெய் எடுப்பதை எதிர்த்து, வான் கோவின் சூரியகாந்தி ஓவியத்தின்மீது இரண்டு இளம்பெண்கள் சூப்பை வீசிய நிகழ்ச்சியை நினைத்துக் கேட்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். ஓவியத்துக்குக் கண்ணாடி உறை இருந்ததால் சேதமில்லை. உலகம் முழுவதும் அந்தக் காட்சி சென்று சேர்ந்தது; பெரும்பாலோர் திட்டினார்கள்.

2020-இல் வெளியான ஓர் ஆய்வில் மேத்யூ ஃபைன்பெர்க்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதைச் செயற்பாட்டாளரின் இருதலைக்கொள்ளி என்று விவரிக்கிறார்கள். எந்த அளவுக்குச் செயல் கடுமையாகிறதோ அந்த அளவுக்குக் கவனம் கிடைக்கிறது. அதே அளவுக்கு ஆதரவு குறைகிறது. அதே ஆண்டில் வெளியான ஒமர் வாசோவின் ஆய்வு, 1960-களின் அமெரிக்கப் போராட்டங்களை வன்முறையற்றவை, வன்முறை கலந்தவை என்று பிரித்துப் பார்த்து, முன்னவை பொது விவாதத்தை உரிமையின் பக்கமும், பின்னவை சட்டம் ஒழுங்கின் பக்கமும் திருப்பின என்று காட்டியது. எதிர்ப்பக்கத்தில், தீவிரமான ஒரு குழு இருப்பதால் மிதமான குழு நியாயமானதாகத் தோன்றத் தொடங்குகிறது என்று காட்டும் ஆய்வுகளும் உள்ளன. எனவே ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சென்ற முறை பட்டது போதும்.

என் அளவுகோல் ஒன்றைச் சொல்கிறேன். செயலுக்கும் அநீதிக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள், தங்களுக்குப் பரிமாற மறுக்கும் கடையின் உணவு மேடையிலேயே போய் அமர்ந்தார்கள். அங்கே அமர்வதுதான் போராட்டம். அமர விட வேண்டும் என்பதுதான் கோரிக்கை. அந்த ஜூலையில் கடை பணிந்தது. 1930 ஏப்ரல் 6 அன்று காந்தி தண்டிக் கடற்கரையில் ஒரு பிடி உப்பை எடுத்தபோதும் அப்படித்தான். உப்பை எடுக்கக் கூடாது என்பது சட்டம், எடுத்தது மீறல், பார்த்தவருக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. ஓவியத்தில் சூப்பை ஊற்றுகிறவர், அதற்கும் பெட்ரோலிய எண்ணெய்க்கும் என்ன தொடர்பு என்று மூச்சு விடாமல் விளக்க வேண்டியிருக்கிறது; அந்த விளக்கம் முடிவதற்குள் கேட்பவர் கோபத்தோடு போய்விடுகிறார். மருத்துவமனைக்குப் போகும் வண்டியை மறிப்பவரைப் பற்றி எனக்கு இரண்டாம் கருத்து இல்லை: அது தவறு.

கேள்வி: இவர்களுக்குப் பின்னால் யாரோ இருக்கிறார்கள், பணம் வருகிறது என்கிறார்களே? (வணிகர் ஒருவர்)

பதில்: இந்தச் சொல் எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் புழங்குவது. 1965-இல் அமெரிக்கத் தென்மாநிலங்களின் நெடுஞ்சாலை ஓரங்களில், கிங் ஹைலேண்டர் பள்ளி விழாவில் அமர்ந்திருக்கும் படத்தைப் பெரிதாக்கி, 'கம்யூனிஸ்டுப் பயிற்சிப் பள்ளியில் மார்ட்டின் லூதர் கிங்' என்று விளம்பரப் பலகைகள் நட்டார்கள். கென்யாவின் சூழலியல் செயற்பாட்டாளர் வங்காரி மாத்தாய், நைரோபியின் உகுரு பூங்காவில் அரசு திட்டமிட்ட 60 மாடிக் கட்டடத்தை 1989-இல் எதிர்த்தபோது, நாடாளுமன்ற உறுப்பினர்கள் அவருடைய இயக்கத்தை விவாகரத்தான பெண்களின் கூட்டம் என்று ஏளனம் செய்தார்கள். கட்டடம் வரவில்லை; பூங்கா இருக்கிறது; 2004-இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இருந்தாலும் பணத்தைப் பற்றிக் கேட்பது தவறு என்று நான் சொல்லமாட்டேன். 1993-இல் அமெரிக்காவில் புகைப்பவர்களின் உரிமைக்காக என்று ஒரு தேசியக் கூட்டணி கிளம்பியது. அதற்குப் பணம் கொடுத்தது ஃபிலிப் மோரிஸ் என்ற சிகரெட் நிறுவனம். மக்கள் இயக்கம்போல வேடமிட்ட வணிகம் அது. எனவே கணக்கைக் கேளுங்கள், காட்டாதவரைச் சந்தேகியுங்கள். ஆனால் ஆற்றில் நஞ்சு கலக்கிறது என்று ஒருவர் சொன்னால், அவருக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்ற விசாரணை முடிந்தாலும், ஆற்றுநீரைச் சோதித்துப் பார்க்கும் வேலை அப்படியே மீதம் இருக்கும்.

கேள்வி: மருத்துவம், தொழில்நுட்பம் போன்றவற்றில் செயற்பாட்டாளர்கள் தலையிடலாமா? நிபுணர்களிடம் விடக்கூடாதா? (மருந்தாளுநர்)

பதில்: தெரியாமல் தலையிடக் கூடாது; தெரிந்துகொண்டு தலையிடலாம். எய்ட்ஸ் பரவிய காலத்தில் 1987-இல் நியூயார்க்கில் தொடங்கிய ஆக்ட் அப் இயக்கம் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. 1988 அக்டோபரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் தலைமையகத்தை ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் முற்றுகையிட்டார்கள். படம் அதைத்தான் காட்டியது. காட்டாதது, ஐரிஸ் லாங் என்ற மருந்து வேதியியலாளர் அந்த நோயாளிகளுக்கு நடத்திய பாடங்கள். மருந்துச் சோதனை எப்படி வடிவமைக்கப்படுகிறது, யாரைச் சேர்க்கிறார்கள், யாரை விலக்குகிறார்கள் என்பதை அவர்கள் கற்றார்கள். வாயிலில் முழக்கமிட்டவர்கள் கையில், எந்த விதியை எப்படித் திருத்தலாம் என்ற குறிப்பும் இருந்தது. 1989-இல், சோதனையில் சேர முடியாத நோயாளிகளுக்கும் மருந்து கிடைக்கச் செய்யும் இணைத்தட முறையை அன்றைய தேசிய ஒவ்வாமை, தொற்றுநோய் ஆய்வு நிறுவன இயக்குநர் ஆன்டனி ஃபௌச்சி ஆதரித்தார். அவரைக் கடுமையாகத் திட்டியவர்களே பின்னர் அவருடைய ஆய்வுக் குழுக்களின் மேசையில் அமர்ந்தார்கள்.

கேள்வி: செயற்பாட்டாளர்கள் எப்போதும் சரியான பக்கமே நின்றார்கள் என்று எழுதிவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. (நீண்ட கால வாசகி)

பதில்: பயம் வேண்டாம் அம்மா. அமெரிக்காவின் மதுவிலக்கு இயக்கம், செயற்பாட்டு உத்திகள் அனைத்தையும் கையாண்டு, அரசமைப்புச் சட்டத்தையே திருத்தி 1920-இல் வெற்றி பெற்றது; கள்ளக் கடத்தலையும் கொள்ளைக் கும்பல்களையும் வளர்த்துவிட்டு 1933-இல் ரத்தானது. அதை ரத்துசெய்யப் பாடுபட்டவர்களுள் முன்னணியில் இருந்ததும் ஒரு செயற்பாட்டு அமைப்புதான். 1929-இல் பாலின் சாபின் தொடங்கிய பெண்கள் சங்கம் அது. பிரிட்டனில் பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்று 1908-இல் அமைப்புக் கட்டியவர்களுள் முதன்மையானவர் மேரி வார்ட் என்ற பெண் எழுத்தாளர். தெருவில் இறங்குவதால் எவருக்கும் நியாயம் தானாக வந்து சேர்ந்துவிடாது.

கேள்வி: கோடிக்கணக்கானோர் திரண்டும் ஒன்றும் நடக்காமல் போனதுண்டே? (பொறியாளர்)

பதில்: உண்டு. ஈராக் போருக்கு எதிராக 2003 பிப்ரவரி 15 அன்று நூற்றுக்கணக்கான நகரங்களில் பல மில்லியன் பேர் திரண்டார்கள். மார்ச் 20 அன்று போர் தொடங்கியது. தலைகளை எண்ணும் ஆட்சியாளர், கூட்டம் கலைந்த மறுநாள் என்ன நடக்கும் என்பதையும் எண்ணுகிறார். 1963 வாஷிங்டன் பேரணியை ஒருங்கிணைத்த பேயார்ட் ரஸ்டின், எத்தனை கழிப்பறைகள், எத்தனை தண்ணீர்க் குழாய்கள், ஆகஸ்டு வெயிலில் கெட்டுப் போகாத என்ன உணவைக் கொண்டுவர வேண்டும் என்பது வரை கையேடு எழுதினார். அந்த நுணுக்கம் கூட்டத்துக்கு வந்தவர்களின் வசதிக்கு மட்டுமல்ல. இரண்டரை லட்சம் பேரை ஒரு நாளில் வரவழைத்து ஒழுங்காகத் திருப்பி அனுப்ப முடிந்தவர்களால் வேறு என்னவெல்லாம் முடியும் என்பது வெள்ளை மாளிகைக்கும் புரிந்தது. இன்று ஒரு கைப்பேசிச் செய்தியால் அதே அளவு கூட்டத்தைக் கூட்டிவிடலாம். ஆனால் ஆறு மாதம் ஒன்றாக வேலை செய்து ஒருவரையொருவர் அறிந்த பழக்கம் அந்தக் கூட்டத்தில் இருக்காது.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் போராட்டங்களுக்குப் போகிறாள். தடுக்கவும் மனமில்லை, விடவும் பயம். என்ன செய்வது? (ஒரு தாய்)

பதில்: உங்கள் பயம் நியாயமானது, அதை நான் உபதேசத்தால் ஆற்றப் போவதில்லை. அர்ஜென்டினாவில் இராணுவ ஆட்சி இளைஞர்களைக் கடத்திச் சென்ற காலத்தில், 1977 ஏப்ரல் 30 அன்று 14 பெண்கள் பிள்ளைகளைத் தேடி புவேனஸ் ஐரிஸ் நகரின் மே சதுக்கத்தில் கூடினார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது, நகருங்கள் என்றது காவல்துறை. சரி என்று இருவர் இருவராகக் கைகோத்துச் சதுக்கத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். ஒருவரையொருவர் அடையாளம் காணத் தலையில் குழந்தைக்குக் கட்டும் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டார்கள். ஆட்சியாளர் அவர்களைப் பைத்தியக்காரிகள் என்றார்கள். அவர்களைத் திரட்டிய அசுசேனா வில்யாஃப்ளோரும் அந்த டிசம்பரில் கடத்தப்பட்டார். அவர்களுள் பெரும்பாலோர் அதற்கு முன் அரசியல் பேசியதே இல்லை. பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதையே, அவர்கள் காணாமல் போன பிறகுதான் விசாரித்து அறிந்தார்கள்.

இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. இப்போதே விசாரியுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். எங்கே போகிறாள், யாரோடு போகிறாள், பிரச்சினை என்றால் எந்த வழக்கறிஞரை அழைப்பார்கள் என்று தீர்ப்புச் சொல்லாத குரலில் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த குழு என்றால் கவலையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: என்னால் தெருவுக்கு வர முடியாது. மனுவில் கையெழுத்துப் போடுவதோடு சரி. அதனால் பயன் உண்டா? (முதியவர் ஒருவர்)

பதில்: நியூசிலாந்தில் பெண்களின் வாக்குரிமைக்காகக் கேட் ஷெப்பர்டும் அவருடைய தோழிகளும் 1891-இல் ஒரு மனுத் தொகுதி கொடுத்தார்கள், 1892-இல் இன்னும் பெரிய ஒன்று, இரண்டும் பலிக்கவில்லை. 1893-இல் ஏறத்தாழ 32,000 கையெழுத்துகளோடு மறுபடியும் வந்தார்கள். அவற்றுள் முதன்மையான மனுவின் தாள்களை ஒன்றோடொன்று ஒட்டியபோது அது 270 மீட்டர் நீண்டது. அதை ஒரு துடைப்பக் கட்டையில் சுருட்டிக் கொண்டுபோனார்கள். உறுப்பினர் ஜான் ஹால் அதை நாடாளுமன்ற அவையின் நடுவழியில் உருட்டிவிட, அது விரிந்துகொண்டே போய் எதிர்ச் சுவரில் மோதி நின்றது. செப்டம்பரில் மேலவையில் 20-க்கு 18 என்ற வாக்குகளில் மசோதா தப்பிப் பிழைத்தது. அந்தச் சுருள் இன்று வெலிங்டன் தேசிய நூலகத்தில் காட்சிக்கு இருக்கிறது. தங்கள் கொள்ளுப்பாட்டியின் பெயர் அதில் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பவர்களுக்காகக் கையெழுத்துகளையெல்லாம் பட்டியலாக்கி வைத்திருக்கிறார்கள்.